முன்பிருந்த சத்தமா, பின்பு வந்த சத்தமா

2020 ஊரடங்கு தளர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வேப்பந்தட்டைப் பக்கமிருந்து ஒரு தம்பி தன் ஐ10 காரைப் பெரம்பலூரில் என் பட்டறைக்கு ஓட்டி வந்தார். சென்னையில் கணினி வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டதால் ஊரோடு இருந்தார். காரின் பின்னிருக்கையில் ஓர் உரச்சாக்கு. அதற்குள் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டு, லிங்க் ராடு இரண்டு, லோயர் ஆர்ம் இரண்டு, எல்லாம் கழற்றிய பழையவை. புதியவற்றை இணையத்தில் வரவழைத்து, வீடியோ பார்த்து, வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் தானே மாட்டியிருக்கிறார். மூன்று நாள் வேலை, பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செலவு.

“இவ்வளவும் மாத்தியும் சத்தம் வருதுண்ணே” என்றார். முகத்தில் அத்தனை சோர்வு.

நான் ஜாக்கியை எடுக்கவில்லை, பானெட்டையும் திறக்கவில்லை. முதலில், சத்தத்தை வாயால் சொல்லிக் காட்டச் சொன்னேன். அடுத்து, “மாத்துறதுக்கு முன்னாடி இருந்த சத்தம் இதுதானா?” என்று கேட்டேன்.

அந்தக் கேள்வி அவருக்குப் புதிது. கொஞ்ச நேரம் யோசித்தார். “முன்னாடி லொடலொடன்னு இருந்துச்சு. இப்ப டொக்குனு ஒண்ணு. பள்ளத்துல இறங்குனா டொக்கு, ஏறுனா டொக்கு.”

“அப்ப பழைய சத்தம் போயிருச்சு தம்பி. இது வேற சத்தம். இது நாம வேலை செஞ்ச இடத்துலருந்து வருது.”

முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் வண்டிக்கு அடியில் கிடந்து நான் கற்றதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வேலைக்குப் பின் புதிதாக வந்த சத்தம் கை பட்ட இடத்தில் இருக்கும். வேலைக்குப் பின்னும் போகாத பழைய சத்தம் கை படாத இடத்தில் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அடுத்த பாகத்துக்குப் பணம் கட்டுகிறவர்கள் ஏராளம். அந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு முடித்து 1986-இல் தொழிலுக்கு வந்தேன். பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் ஒரு தாலுகா. நான் சேர்ந்தது லாரிப் பட்டறை. அரியலூர்ப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் கடலடியாய் இருந்தது என்பதால்தான் அங்கே சிமென்ட் ஆலைகள். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து கல் ஏற்றி வரும் லாரிகளின் வில் பட்டைகள் வாரத்துக்கு ஒன்றாவது உடையும். சாலை பாதி, பாரம் பாதி.

எங்கள் மேஸ்திரி பட்டை செட்டைக் கழற்றும் முன் சிறு சுத்தியலால் ஒவ்வொரு பட்டையாகத் தட்டுவார். சந்தையில் பெண்கள் பானையைத் தட்டி வாங்குவார்களே, அதே காரியம். நல்ல பட்டை ‘ணங்’ என்று நீட்டிச் சொல்லும். விரிசல் விட்டது ‘டப்’ என்று அடங்கிவிடும். இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஹவுசிங்கில் வைத்து மறுமுனையைக் காதோரம் வைத்து, பேரிங் அரைப்பதையும் கண்டுபிடிப்பார். “கண்ணு ஏமாத்தும், காதும் ஏமாத்தும். ரெண்டும் சேந்து சொன்னா நம்பு” என்பார்.

காது எப்படி ஏமாற்றும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வண்டியின் உடல் முழுக்க இரும்புத் தகடு. முன் இடது சக்கரத்தில் எழும் சத்தம் தகட்டின் வழியே ஓடி டாஷ்போர்டுக்கு அடியில் கேட்கும். பின்பக்க ஷாக்கில் எழுவது ஓட்டுநரின் தோளுக்குப் பின்னால் கதவில் கேட்கும். கேட்கும் இடம் ஒன்று, பிறக்கும் இடம் வேறு. அதனால் சத்தம் எங்கே கேட்கிறது என்பதைவிட எப்போது கேட்கிறது என்பதே முக்கியம். இந்தப் பாடம் ஏற வெகுகாலம் ஆயிற்று.

இன்றைக்கும் வாடிக்கையாளரிடம் சத்தத்தை வாயால் செய்து காட்டச் சொல்கிறேன். பலர் வெட்கப்படுவார்கள். ஆனால் பள்ளியில் இரட்டைக்கிளவி படித்த நமக்கு, சத்தத்துக்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. ‘லொடலொட’ என்று ஒருவர் சொன்னால் லேசாக ஆட்டம் கண்ட ஏதோ ஒன்று வேகமாக அடித்துக்கொள்கிறது: லிங்க் ராடின் குண்டு, பிரேக் பேடு, சைலன்சர் தொங்கும் ரப்பர். ‘டொக்’ என்று ஒற்றையாகச் சொன்னால் கனமான பாகம் ஒன்று நகர்ந்து முட்டி நிற்கிறது: ஷாக்கின் மேல் மவுண்ட், லோயர் ஆர்ம், எஞ்சின் மவுண்டிங். ‘கிறீச்’ என்றால் ரப்பர். ‘டங்’ என்று ஸ்டீயரிங் திருப்பும்போது கேட்டால் சுருள் வில் தன் இருக்கையில் சிக்கிச் சிக்கி விடுபடுகிறது. ‘ர்ர்ர்’ என்று வேகத்தோடு ஏறினால் பேரிங் அல்லது டயர். நூற்றுக்கு நூறு இது பொருந்தாது. ஆனாலும் எங்கே தொடங்குவது என்று காட்டிக்கொடுக்கும்.

1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் வந்தது, அலுவலர்கள் வந்தார்கள், அவர்களோடு அம்பாசிடர்களும் ஜீப்புகளும் வந்தன. மறு ஆண்டே அரியலூர் சாலையில் ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தனியாக உட்கார்ந்தேன். அம்பாசிடர் நம்மோடு பேசும் வண்டி. முன்பக்கத்தில் சுருள் வில் இல்லை, முறுக்குக் கம்பி. பின்னால் பட்டை. மூட்டுக்கு மூட்டு கிரீஸ் நிப்பிள். கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும், அடித்தால் அடங்கும். ஒரு மூட்டு தேயப்போகிறது என்பதை ஆறு மாதம் முன்பே சொல்லிவிடும்.

அதற்குள் மாருதி 800 எங்கள் ஊர்ப் பக்கமும் பரவியிருந்தது. 1983 டிசம்பரில் டெல்லியில் முதல் வண்டி கொடுக்கப்பட்டது. பெரம்பலூரில் டாக்டர், வக்கீல் வீடுகளில் சகஜமாகத் தெரியத் தொடங்கியது தொண்ணூறுகளில்தான். அதன் முன்பக்கத்தில் ஷாக்கும் சுருளும் ஒரே தூணாய் நின்றன. 1940களில் ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த அமைப்பு அது. இன்றைக்கு நம் சாலையில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் அதுவே. நிப்பிள் கிடையாது. மூட்டெல்லாம் ரப்பருக்குள் மூடிக் கிடக்கும். நன்றாக இருக்கும்வரை வாய் திறக்காது, திறந்தால் அது கடைசிக் கட்டம். அம்பாசிடரில் பழகிய எங்கள் கைக்கு அது புது மொழி.

அந்த மொழியை நான் ஒரு தலைமையாசிரியரின் காரில் படித்தேன். அரியலூரிலிருந்து வருவார். லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தது. வண்டியை முன்னால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, புது புஷ் போட்டு, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கினேன். ஸ்பானருக்குக் குழாய் போட்டு இறுக்கினேன் என்பது அன்றைக்கு எனக்குப் பெருமை. ஒரு மாதத்தில் அவர் திரும்பி வந்தார். “தம்பி, வேகத்தடை ஏறி இறங்கும்போது கட்டில் மாதிரி கிறீச்சிடுது.” மறுபடியும் புது புஷ், மறுபடியும் அதே முறை. மூன்றாவது முறை வந்தபோது, மூன்றே மாதம் ஓடிய ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கிக் கிழிந்திருந்தது.

அன்று இரவு கிழிந்த புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் அசையாமல் பிடிபட்டுவிடும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுகிக்கொடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கீழே சாய்ந்திருக்கிறது. அந்த நிலையில் இறுக்கினால் ரப்பருக்கு அதுவே இயல்பு நிலை. வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே எழும், ரப்பர் அப்போதே முறுகிவிடும். நின்றாலும் முறுக்கு, ஓடினாலும் முறுக்கு. பாவம், அது எத்தனை நாள் தாங்கும்?

தலைமையாசிரியரின் வண்டிக்கு மூன்றாவது புஷ் போட்டபோது போல்ட்டுகளைக் கையால் இறுக்கிய அளவிலேயே விட்டேன். சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு முறை அமுக்கி ஆட்டி, அதன் எடையில் அது நின்ற பிறகு குழியில் இறங்கி இறுக்கினேன். காசு வாங்கவில்லை. அந்த புஷ் வருடக்கணக்கில் ஓடியது. வீட்டில் தானே மாற்றுகிறவர்கள் இன்றுவரை அதிகம் தவறுவது இந்த ஒரு இடத்தில்தான். இந்தச் சத்தம் அன்றைக்கே வராமல் நாள் கழித்து வருவதால், “பார்ட் மட்டம்” என்று பழி பாகத்தின் மேல் விழுகிறது.

எங்கள் ஊர்ச் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் கரிசல் மண் நிறைய. மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட தார் இரண்டு மூன்று வருடத்தில் அலை அலையாகிவிடும். திருச்சி–சென்னை நெடுஞ்சாலை நான்கு வழியான பிறகு, அதில் போகும் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வாய் திறக்காத கார், கிராமச் சாலைக்குத் திரும்பிய உடனே கடகடக்கும். “ஹைவேயில நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிச் சத்தத்தைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சஸ்பென்ஷனைச் சோதிக்க வேகம் உதவாது. இருபது கிலோமீட்டர் வேகமும் கெட்ட சாலையும் வேண்டும். கண்ணாடிகளை இறக்கி, பாட்டை நிறுத்தி, மதில் சுவர் ஓரமாக ஓட்டினால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும். எந்தப் பக்கச் சக்கரம் என்று அப்போது தெரியும்.

எங்களுக்கு வாய்த்த இன்னொரு சோதனைக்களம் மக்காச்சோளம். பெரம்பலூர் மாவட்டத்தில் மானாவாரியாக அதுதான் அதிகம். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை அடைத்துக் கதிரைக் காயப்போட்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால் ஒரு சக்கரத்தைத் தாரிலும் ஒரு சக்கரத்தை மண்ணிலும் விட்டு ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அந்தக் காலத்தில் லொடலொட என்று வரும் கார்கள் கூடும். காரணம் உண்டு. இடது வலது சக்கரங்களை ஸ்டெபிலைசர் பார் என்ற வளைகம்பி இணைக்கிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் அது சும்மா சுழன்றுகொடுக்கும். ஒன்று மட்டும் ஏறினால் முறுகி வேலை செய்யும். அப்போது அதன் நுனியில் உள்ள லிங்க் ராடும், நடுவில் உள்ள ரப்பரும் தேய்ந்திருந்தால் வெளியே தெரிந்துவிடும். முழு அகல வேகத்தடையில் சத்தமில்லாமல், ஒரு பக்கப் பள்ளத்தில் மட்டும் சத்தம் வந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். இரண்டு பக்க லிங்கையும் கழற்றிக் கட்டி வைத்துவிட்டு அதே சாலையில் மெதுவாக ஒரு சுற்று போனால் போதும். சத்தம் நின்றால் ஆள் அகப்பட்டான். ஆனால் அப்படி வண்டியை வேகமாக ஓட்டக் கூடாது, திருப்பத்தில் சாயும்.

ஒரு செவிலியர் சகோதரியின் கார் எனக்கு மறக்காது. 2008 வாக்கில் வந்தது. 2007-இல் அரியலூர் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமான புதிதில் மாற்றலாகி அங்கே போனவர். தினமும் பெரம்பலூரிலிருந்து முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் போவார். சத்தத்துக்காக வேறொரு பட்டறையில் ஷாக், டை ராடு எண்டு, பால் ஜாயின்ட் என்று வரிசையாக மாற்றிவிட்டார்கள். சத்தம் அப்படியே. என்னிடம் வந்தபோது நான் கேட்ட அதே கேள்விக்கு, “அன்னிலருந்து இன்னிவரை அதே லொடலொடதான்” என்றார். அப்படியானால் மாற்றிய எதுவும் குற்றவாளி இல்லை. கை படாத இடத்தைத் தேட வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொன்னேன். கரடுமுரடான இடத்தில், “பிரேக்கை லேசாத் தொட்டுக்கிட்டே போங்கம்மா” என்றேன். சத்தம் நின்றது. காலை எடுத்தார், வந்தது. தொட்டார், நின்றது. பிரேக் பிடிக்கும்போது பேடு டிஸ்க்கோடு அழுந்தி அசையாமல் நிற்கிறது, அதனால் சத்தம் இல்லை. கழற்றிப் பார்த்தால் காலிப்பர் ஓடும் பின்கள் தேய்ந்து ஆடின. பேடைப் பிடிக்கும் சிறு தகட்டு கிளிப் ஒரு பக்கம் இல்லவே இல்லை. எப்போதோ பேடு மாற்றியவர்கள் திருப்பிப் போடாமல் விட்டிருக்கிறார்கள். பின்னும் கிளிப்பும் மாற்றினேன், முடிந்தது. அந்தச் சகோதரி கையில் வைத்திருந்த பழைய ரசீதுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாதச் சம்பளக்காரர். எங்கள் தொழில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காததற்கு அவர் கொடுத்த விலை அது. அன்றிலிருந்து எந்தச் சத்தத்துக்கும் பிரேக் சோதனை இல்லாமல் நான் ஸ்பானர் எடுப்பதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. நல்லபடி வேலை செய்தும் புதுச் சத்தம் வரும். ஷாக் செத்துப்போன வண்டி மெத்தை போல ஆடும். அதில் பழைய புஷ்ஷெல்லாம் ஓய்வாக இருக்கும். புது ஷாக் போட்டால் அது விறைப்பாக நின்று அடியை மற்ற மூட்டுகளுக்கு அனுப்பும். நேற்றுவரை வாய் திறக்காத லோயர் ஆர்ம் புஷ் இன்று பேசும். எஞ்சின் மவுண்டிங்கும் இப்படித்தான். நின்ற இடத்திலேயே கிளட்ச் விடும்போதும், கியர் மாற்றும்போதும் ‘டொக்’ என்றால் சஸ்பென்ஷனைத் தொடவே வேண்டாம். மின்சார ஸ்டீயரிங் வந்த சில கார்களில், ஸ்டீயரிங் தண்டுக்குள் இருக்கும் சிறு ரப்பர் தேய்ந்து, முன் சக்கரத்தில் சத்தம் வருவது போலவே கைக்குத் தட்டும். பிறகு டிக்கி. ஜாக்கியும் ஸ்பானரும் தளர்வாகக் கிடந்து கடகடப்பதைப் பின் ஷாக் என்று நினைத்து வருகிறவர்கள் மாதம் ஒருவராவது உண்டு. அதனால் காரை முதலில் காலி செய்யச் சொல்கிறேன். செலவில்லாத சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகே செலவு.

இப்போதெல்லாம் பாகம் வாங்குவது எளிது. சரியான பாகம் வாங்குவது கடினம். பெட்டியில் வண்டியின் பெயர் இருக்கும், உள்ளே நீளம் இரண்டு மில்லிமீட்டர் குறையும். பழையதைத் தூக்கிப்போடும் முன் புதியதோடு பக்கத்தில் படுக்கவைத்து நீளம், துளை, கூம்பு மூன்றையும் ஒப்பிடுங்கள். தூசி மறைக்கும் ரப்பர் உறை, பம்ப் ஸ்டாப்பர், மேல் பேரிங் இவை பெரும்பாலும் புது ஷாக்கோடு வராது. பழையதிலிருந்து எடுத்துப் போட வேண்டும், அல்லது தனியாக வாங்க வேண்டும். விட்டால் பள்ளத்தில் இரும்போடு இரும்பு மோதும். மேல் பேரிங்கைத் தலைகீழாகப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். சுருளின் கீழ் நுனி அதன் இருக்கையில் உள்ள படியில் சரியாக முட்டி நிற்க வேண்டும். அரை அங்குலம் தள்ளியிருந்தால் ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் ‘டங்’ என்று வீணைக் கம்பி போல அதிரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சின்னக் காரின் முன் சுருள் ஒன்று இருநூறு, முந்நூறு கிலோ எடையைத் தாங்கி நிற்பது. அதை அமுக்கிக் கழற்றும்போது அத்தனை விசையும் அதற்குள் அடைபட்டிருக்கும். ஒரு பையன், மலிவான கிளாம்ப் போட்டு அமுக்கியபோது ஒரு பக்கம் வழுக்கி, சுருள் பறந்து அவன் முன்கையை உடைத்தது. முகத்தில் பட்டிருந்தால் உயிர் போயிருக்கும். சுருளை அமுக்கும் வேலையை மட்டும் கருவி உள்ள பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி யாரும் அடியில் நுழையக் கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் வேலையைத் தொடாதீர்கள். கருங்கல்லும் செங்கல்லும் ஸ்டாண்டு ஆகாது. என் பட்டறையில் வேலை பழகிய ஒவ்வொரு பையனுக்கும் முதல் பாடம் இதுதான்.

இனி வேப்பந்தட்டைத் தம்பியின் காருக்கு வருகிறேன்.

அவர் சொன்னது புதுச் சத்தம். ஆகவே கை பட்ட இடங்களை, அவர் செய்த வரிசைக்கு எதிர் வரிசையில், கடைசியிலிருந்து பார்த்தோம். முதலில் சக்கர நட்டு. இதை யாரும் சந்தேகப்படுவதில்லை, ஆனால் உயிரே இதில்தான். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்சில் பார்த்தோம், சரியாக இருந்தது. அடுத்து பால் ஜாயின்ட்டைப் பிடிக்கும் போல்ட், ஷாக்கைச் சக்கரத் தாங்கியோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டுகள். எல்லாம் இறுக்கம். வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். அதை அவரிடம் சொன்னேன்.

பிறகு பானெட்டைத் திறந்து, ஷாக் தூணின் மேல் முனையில் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அவரை வண்டியின் மூக்கைப் பிடித்து அமுக்கி ஆட்டச் சொன்னேன். வலது பக்கம் எதுவும் இல்லை. இடது பக்கம் கைக்குள் ஏதோ தட்டியது. காதுக்கு வருமுன் கைக்கு வந்துவிட்டது.

“நீங்க கை வச்சுப் பாருங்க.”

வைத்தார். அவர் முகம் மாறியது. “ஆமாண்ணே, இங்கதான்!”

மூடியை எடுத்து நடு நட்டில் ஸ்பானர் போட்டோம். நட்டோடு சேர்ந்து உள்ளே இருந்த தண்டும் சுழன்றது. விஷயம் அதுதான். ஷாக்கின் தண்டு தனக்குள் தாராளமாகச் சுழலக் கூடியது. அதை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நட்டு ஓரளவு ஏறியதும் தண்டும் கூடவே சுற்றும். இறுகிவிட்டது போலக் கைக்குத் தோன்றும். உண்மையில் மவுண்டுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி நிற்கும். ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் தண்டு அந்த இடைவெளியில் மேலும் கீழும் முட்டும். தண்டின் தலையில் ஆலன் சாவியைப் போட்டு நான் பிடித்துக்கொள்ள, அவரே ரிங் ஸ்பானரால் இறுக்கினார். ஒன்றரைச் சுற்று ஏறியது.

“சக்கரம் தொங்கறப்பவே லோயர் ஆர்ம் போல்ட்ட இறுக்கிட்டீங்களா?”

“ஆமாண்ணே. வீடியோல அப்படித்தான்…”

“அந்தச் சத்தம் இன்னும் வரல. அதையும் இப்பவே பாத்துருவோம்.” தரையில் நிறுத்தி, குழிக்குள் அவரையே இறக்கி, தளர்த்தி மறுபடி இறுக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு உரச்சாக்கைக் கொட்டினோம். பழைய ஷாக் இரண்டையும் நிறுத்தி அமுக்கினேன். எண்ணெய்க் கசிவு இல்லை, இரண்டும் ஒரே சீராக எழுந்தன. லோயர் ஆர்ம் குண்டுகள் விறைப்பாக இருந்தன. ரப்பரில் கீறல்கூட இல்லை. கடைசியாக லிங்க் ராடுகள். ஒன்று நன்றாக இருந்தது. இன்னொன்றின் குண்டை விரலால் தள்ளினேன், லொடலொட என்று ஆடியது. அவர் அதை வாங்கித் தானும் ஆட்டிப் பார்த்தார். சில நூறு ரூபாய் பொருள். அவருடைய முதல் சத்தம் அதற்குள் இருந்தது.

அவர் வருத்தப்பட்டார். மூன்று நாள் வெயிலில் கிடந்து உழைத்தவருக்கு வருத்தம் வராதா? தன் கையால் தன் வண்டியைப் பார்த்துக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் எனக்கு எதிரிகள் இல்லை. என் மேஸ்திரி காலத்துக் கலை அவர்கள் கையில்தான் இனி மிஞ்சும். வீடியோ கழற்றவும் மாட்டவும் நன்றாகவே சொல்லித்தருகிறது. கழற்றலாமா என்று முடிவு செய்வதற்கு நாம் நம் வண்டியோடு கொஞ்ச நேரம் செலவிட வேண்டும். அதனால் ஒரு பழக்கம் சொன்னேன். சத்தம் கேட்டால் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். என்ன சத்தம், எந்த வேகத்தில், எந்தப் பக்கம், திருப்பும்போதா நேராகவா, ஒரு சக்கரம் ஏறினாலா இரண்டும் ஏறினாலா, பிரேக் தொட்டால் என்ன ஆகிறது, கடைசியாக யார் எங்கே கை வைத்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான் மாற்ற வேண்டும். மாற்றியதும் ஓட்டிப் பார்த்து, அதையும் எழுத வேண்டும். புது வேலைக்குப் பின் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி ஒரு முறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

நல்ல ஷாக்குகளை எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கச் சொன்னேன். சாக்கைத் தூக்கிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். தை மாதம், சாலையெல்லாம் மக்காச்சோளம். சாயங்காலம் போன் வந்தது.

“அண்ணே, வண்டியில ஒரு சத்தம். இன்னும் எதையும் கழட்டல. எழுதி வச்சிருக்கேன், படிக்கட்டுமா?”

“படிங்க.”

“லொடலொட. இருபது, இருபத்தஞ்சு வேகத்துல. வலது பக்கம். ரெண்டு மாசம் முன்னாடி வெளியில பேடு மாத்துனேன். டிக்கி காலி பண்ணிப் பாத்துட்டேன், போகல. லிங்க் ரெண்டையும் கழட்டி…” என்று நிறுத்தினார். “இல்லண்ணே, அதைக் கழட்டல. அதுக்கு முன்னாடி எழுதுன வரி ஒண்ணு இருக்கு. பிரேக்கை லேசாத் தொட்டா சத்தம் நிக்குது.”

நான் எதுவும் சொல்லவில்லை. மறுமுனையில் அவர் தாளைத் திருப்பும் ஓசை கேட்டது.

“சரிண்ணே,” என்றார், “கிளிப் வாங்கிக்கிறேன்.”